மேலப்பட்டுக் கல்லில் இரண்டு பேர்

ரங்கூனிலிருந்து நானும் என் கணவரும் கிளம்பியது, இறந்துபோன ஒரு மனிதருக்கு மாலை போட. அவர் இறக்கவே இல்லை என்பது புத்தூர் தாண்டிப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் சபாபதி யுத்தத்தின் கடைசி வருஷத்தில் பர்மாவில் பட்டாள லாரி ஓட்டினார். ஓர் ஆற்று மணலில் லாரி குண்டு பட்டு எரிந்தது. முழங்கால் சிதறிக் கிடந்தவரை ஸ்ட்ரெச்சரில் போட்டு, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தூக்கிக்கொண்டு ஓடிக் கரை சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது நர்ஸ் சொன்னாளாம்: "உன்னைக் காப்பாற்றியவர் பெயர் முனிரத்தினம். சித்தூர் ஜில்லாக்காரர். அவருக்கு மெடல் கொடுக்கப் போகிறார்கள்." கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் மூத்த பையனுக்கும் அதே பெயர்தான்.

ரங்கூனில் லுங்கி வியாபாரம் செய்யும் நகரிக்காரர் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பியதும் எங்கள் வீட்டுக்கு வந்தார். "மேலப்பட்டுல உங்க முனிரத்தினத்துக்கு நினைவுக்கல் வெக்கிறாங்க. தை மாசம் தெறப்பு" என்றார். நினைவுக்கல் என்றதும் இவர் முகம் விழுந்துவிட்டது. ஒருமுறைகூட நேரில் போய்க் கும்பிடவில்லையே என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். போவோம் என்று நான்தான் சொன்னேன்.

சென்னையிலிருந்து ரயில். ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்து சில வருஷம் ஆகியும் எல்லைச் சண்டை ஓயாத காலம் அது. அரக்கோணம் தாண்டியதும் பெட்டிக்குள் அந்தச் சண்டை ஏறிக்கொண்டது. திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று எதிரெதிர் பலகையில் இருந்த இரண்டு பெரியவர்கள் ஒருவர் தமிழிலும் ஒருவர் தெலுங்கிலும் கத்தினார்கள். ஒருவருக்கு மற்றவர் பேச்சு ஒரு சொல் விடாமல் புரிந்தது என்பதுதான் வேடிக்கை. திருத்தணி ஸ்டேஷனில் தெலுங்குக்காரர் பொட்டலத்தைப் பிரித்து, "வாதம் அப்புறம் செய்யலாம், முதலில் இந்தப் பூரியை எடுங்கள்" என்று தெலுங்கில் சொன்னார். தமிழ்க்காரர் எடுத்துக்கொண்டார். எங்களுக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. கடல் தாண்டி வந்த நாங்கள் பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டி வைத்திருந்தோம். இங்கேயோ எல்லை இரண்டு பேர் முழங்காலுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது.

புத்தூரில் இறங்கியதும் முதல் கோளாறு. இவருக்கு முழங்கால் மடங்காது. கைத்தடி ஊன்றி, காலை விறைப்பாக வீசித்தான் நடப்பார். ஜட்காக்காரர் பார்த்த மாத்திரத்தில் ஓடி வந்து, "ஏறுங்க சாமி, ஏறுங்க" என்று இவரை அலாக்காகத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார். மேலப்பட்டு என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. வண்டி போய் நின்ற இடத்தில் கையிலும் காலிலும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டு என்றால் நாலு ஜில்லாவுக்கும் பேர் போனது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

கட்டுப் போடுகிறவர் இவர் முழங்காலை அமுக்கிப் பார்த்தார். "எப்ப ஒடஞ்சுது?"

"யுத்தத்துல."

"அப்பவே வந்திருக்கணும்" என்றார் அவர், கோபமாகவே. பர்மாவில் குண்டடி பட்ட மறுநாள் புத்தூருக்கு வராதது எங்கள் தப்புதான் என்பது போல. ஒரு பொட்டலம் பச்சிலையைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அதற்கப்புறம் மாட்டு வண்டியில் மேலப்பட்டு. ஊர் எல்லையில், பஸ் போகும் சாலை ஓரமாக ஓர் ஆள் உயரக் கல்லுக்குத் துணி சுற்றியிருந்தது. இவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். சென்னையில் வாங்கிய மாலை வாடிப் போயிருந்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஓடி வந்தார். நாங்கள் யார் என்று கேட்டதும் பூரித்துப் போய்விட்டார். கல்லைப் பற்றி அவர்தான் சொன்னார். ஒரு பக்கம் தமிழ் எழுத்து, மறுபக்கம் தெலுங்கு எழுத்து. எந்தப் பக்கம் சாலையைப் பார்ப்பது என்று ஊர் இரண்டாகி, மூன்று பஞ்சாயத்து கூடி, கடைசியில் கல்லைச் சாலைக்குக் குறுக்காக நட்டுவிட்டார்களாம். "புத்தூரு பஸ்ஸுல வந்தா தெலுங்கு தெரியும், திருத்தணி பஸ்ஸுல வந்தா தமிழு தெரியும். நாளைக்கு எல்லை எங்க போனாலும் கல்ல நவுத்த வேணாம்" என்றார்.

"எப்படி இறந்தார் அவர்?" என்று இவர் மெல்லக் கேட்டார்.

"யாரு?"

"முனிரத்தினம்."

பிரசிடெண்ட் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "அவன் எங்க செத்தான்? மெடல் வாங்கினவனுக்கு ஊரு வெக்கிற கல்லு இது. ஆளு திருப்பதிக்கு ஓடிப் போய்க்கீறான்!"

இவர் மாலையைக் கீழே போட்டுவிட்டார். சிரிக்கவா அழவா என்று தெரியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

முனிரத்தினத்தின் மனைவி ராஜம்மாவைப் போய்ப் பார்த்தோம். நாங்கள் கல்லு கமிட்டி ஆட்கள் என்று நினைத்து முதலில் கதவையே சாத்திவிட்டாள். நான் ஜன்னல் வழியாகச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு பாய் போட்டு, கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தாள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று இவருக்குத் தெரியாது. மென்று மென்று வாய் ஒட்டிக்கொண்டது.

"நீயே சொல்லுக்கா" என்றாள் ராஜம்மா. "செத்தவங்களுக்குத்தான கல்லு நடுவாங்க? இந்த மனுசன் குத்துக்கல்லாட்டம் கீறாரு. உசுரோட கீற ஆளுக்குக் கல்லு நட்டா வூட்டுக்கு ஆவுமா? தாலிய வெச்சுக்கினு நான் எப்பிடி அத்தப் பாக்கறது? நீ இங்க இருக்காத, பெருமாள் கிட்ட போய் மொட்ட போட்டுக்கினு உக்காந்துக்கோன்னு நான்தான் அனுப்பிட்டேன்."

திறப்புக்குத் தாசில்தார் வருகிறார். ஆள் இல்லாமல் கல்லை எப்படித் திறப்பது என்று பிரசிடெண்ட் கையைப் பிசைந்தார். "நீங்க கூப்ட்டா வருவான். உங்களத் தூக்கினு வந்து உங்களுக்கு உசுரு குடுத்தவனாச்சே. தெரியுமில்ல ஆளு?"

"ஆயிரம் பேருக்கு நடுவில் கண்டுபிடிப்பேன்" என்றார் இவர். "அந்த மணலைக் கடக்கும் வரை நான் பார்த்தது அந்த முகம் ஒன்றைத்தான். மோவாயில் ஒரு தழும்பு. முன்பல்லில் சந்து."

மறுநாள் திருப்பதி பஸ். நாராயணவனம் தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. எல்லாரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். ஒரு கல்யாணக் கோஷ்டி தங்கள் கூடையிலிருந்த முறுக்கை விநியோகித்தது. ரங்கூனில் இப்படி பஸ் நின்றால் ஆளுக்கொரு சைக்கிள் ரிக்‌ஷா, அங்கே சைக்கா என்போம், பிடித்து நிமிஷத்தில் கலைந்துவிடுவோம். இங்கே, டயர் ஒட்டி முடிந்து டிரைவர் கூப்பிட்டபோது, மணமகளின் மாமா பாட்டை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றார். டிரைவரும் நின்று கேட்டார்.

திருப்பதியில் இறங்கிப் பார்த்தால், ஊரெல்லாம் மொட்டை. மலையிலிருந்து இறங்கி வந்த கூட்டம் சந்தனம் பூசிய தலைகளோடு தெருவை நிறைத்துக்கொண்டு போனது. ஆண், பெண், கைக்குழந்தை எல்லாம் மொட்டை. ஆயிரம் பேருக்கு நடுவில் கண்டுபிடிப்பேன் என்றவர் கொஞ்சம் தடுமாறித்தான் போனார். ஆனாலும் விடவில்லை. கோவிந்தராஜர் கோயில் பக்கம் உள்ள சத்திரங்களில் நுழைந்து ஒவ்வொரு மொட்டையின் மோவாயையும் உற்றுப் பார்த்தார். ஒருவரைக் கையைப் பிடித்து "முனிரத்தினம்!" என்றே கூப்பிட்டுவிட்டார். அவர் அனந்தப்பூர்க் கடலை வியாபாரி. "நான் அவர் இல்லை; ஆனால் நீங்கள் இவ்வளவு அன்பாகக் கூப்பிடுவதைப் பார்த்தால் அவராக இருந்திருக்கலாம் போலிருக்கிறது" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு ஒரு லட்டைக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

கால் வலியோடு ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே கடைக்காரரிடம் நான் பெயரைச் சொல்லி விசாரித்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒருவர் திரும்பினார். உயரமான ஆள், புது மொட்டை, அகன்ற தோள்.

"மேலப்பட்டு முனிரத்தினத்தையா தேடுறீங்க? நான்தான். கமிட்டிக்காரங்க அனுப்பினாங்களா?"

இவர் எழுந்து நின்றார். பார்த்தார். மோவாயில் தழும்பு இல்லை. பல்லில் சந்து இல்லை.

"இல்லை" என்றார் இவர். "நீங்கள் இல்லை."

கடல் தாண்டி வந்து, தப்பான ஆளிடம் நிற்கிறோமா? மெடல் இன்னொருவர் பெயரில் தவறிப் போய்விட்டதா? இவர் திக்கித் திணறி லாரியையும் மணலையும் சொன்னார். பார்த்த முகத்தைச் சொன்னார். கேட்கக் கேட்க அந்த மனிதர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வந்து இவர் முழங்கால் மேல் கையை வைத்தார்.

"லாரி டிரைவரா நீ? பொழச்சுக்கினியா?" என்றார். "நான்தான்யா உன்னத் தூக்கினேன். கால்மாட்டுல, முன்னால புடிச்சு ஓடினவன் நான். நீ பாத்திருந்தாலும் என் முதுவத்தான் பாத்திருப்ப. தலமாட்டுல இருந்தது கன்னியப்பன். தழும்பும் சந்துப் பல்லும் அவனுது. ஒரே ஊரு. ஒரே நாள்ல பட்டாளத்துல சேந்தோம்."

கன்னியப்பன் மேலப்பட்டு ஏரிக்கரைக் காலனிக்காரர். நிலமில்லாத வீடு. இவரைக் கரையில் விட்டுவிட்டு இரண்டு பேரும் மறுபடி மணலுக்குள் ஓடியிருக்கிறார்கள், இன்னொருவரைத் தூக்க. திரும்பும்போது கன்னியப்பன் விழுந்துவிட்டார். மெடல் திரும்பி வந்தவருக்குக் கிடைத்தது.

"எம் பொஞ்சாதி பயப்படுறது நெசந்தான்" என்றார் முனிரத்தினம். "ஆனா நான் ஓடி வந்தது அதுக்கில்ல. கல்லுல கன்னியப்பன் பேரும் போடுங்கன்னு ரெண்டு தபா சொன்னேன். மெடலு உனக்குத்தான வந்துது, அப்புறம் பாக்கலாம்னாங்க. அவன் பொஞ்சாதி கோவிந்தம்மா தெனம் அந்த ரோட்டுலதான் கூலிக்குப் போய்க்கினு வந்துக்கினு கீது. அது எதிர்க்க நான் மட்டும் கல்லுல நிக்கறதா?"

"நான் வந்து சொல்கிறேன்" என்றார் இவர். "நீங்கள் சொன்னால் பெருந்தன்மை என்பார்கள். நான் பார்த்தவன்."

அன்று மாலையே மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். வழியெல்லாம் இரண்டு பேரும் அந்த மணலைப் பற்றியே பேசினார்கள். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கையால் வரைந்து காட்டிக்கொண்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ஏதோ நிலம் வாங்குகிறார்கள் என்று நினைத்து, "அந்த மண்ணுல கடலை வருமா?" என்று கேட்டார்.

காலையில் கல்லடியில் கமிட்டி கூடியது. இவர் கைத்தடியை ஊன்றி நின்று, நடந்ததைச் சொன்னார். ஸ்ட்ரெச்சர் என்றால் இரண்டு பேர் வேண்டும் என்பதை ஒரு கட்டிலைக் கொண்டுவரச் சொல்லியே காட்டினார். தானே அதில் படுத்து, "இப்போது ஒருவர் மட்டும் தூக்குங்கள்" என்றார். கூட்டம் சிரித்தது. ஆனால் பிரசிடெண்ட் சிரிக்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குத் தெறப்பு. எடமெங்க கீது கல்லுல?" என்று கேட்டார் ஒரு கமிட்டிக்காரர்.

கல் தச்சர் துணியை விலக்கிக் காட்டினார். நடுவில் 'வீரர் முனிரத்தினம்' என்று வெட்டியாகிவிட்டது. மேலே தாமரைப் பூ வெட்டுவதற்கு விட்ட இடம் காலியாக இருந்தது.

பிரசிடெண்ட் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "பூவ வுடு" என்றார். "கன்னியப்பன் பேரப் போடு. ரெண்டு பக்கமும்."

இதற்குள் ராஜம்மா வந்துவிட்டாள். புருஷன் திரும்பி வந்ததில் சந்தோஷம், கல் நிற்பதில் கோபம். "கன்னியப்பண்ணன் பேரு இருக்கட்டும், சாமி மாதிரி இருக்கட்டும். எங்க வூட்டுக்காரு பேர செதுக்கி எடுத்துடு."

"வெட்டின எழுத்த எடுத்தா கல்லு மூளியாப் பூடும்மா" என்றார் கல் தச்சர்.

"அப்ப அவரு உசுரோட கீறாருன்னு கல்லுல எழுது!"

கல் தச்சர் உளியால் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு, "'வீரர்' முன்னால கொஞ்சம் எடம் கீது. 'சிரஞ்சீவி'ன்னு போட்டுட்டா? செத்தவனுக்கு யாரும் சிரஞ்சீவி போட மாட்டாங்களே. தெலுங்குலயும் அதான் வார்த்த" என்றார்.

கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் போடுகிற சொல். நாற்பது தாண்டிய மொட்டைத்தலை முனிரத்தினம் வெட்கத்தில் கூசிப் போனார். ராஜம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

உளிச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் நாங்கள் ஏரிக்கரைக்குப் போனோம். கோவிந்தம்மா கரும்புத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். மெலிந்த, நிமிர்ந்த பெண். முனிரத்தினம் விஷயத்தைச் சொன்னார். அவள் சந்தோஷமும் காட்டவில்லை, துக்கமும் காட்டவில்லை. இவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அவரப் பாத்தியா?"

"பார்த்தேன். முதலிலிருந்து கடைசி வரை அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"பேசினாரா?"

முனிரத்தினம் குறுக்கிட்டார். "பின்னால பேசிக்கினேதான் வந்தான். குண்டு சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

இவர் தயங்கினார். என்னைப் பார்த்தார். "நல்ல பேச்சாக இல்லை. என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்."

"இன்னா திட்டினாரு? அப்பிடியே சொல்லு."

இவர் அப்படியே சொன்னார். இத்தனை வருஷத்தில் எனக்கே சொல்லாததை, அந்த ஊர்ப் பேச்சிலேயே சொன்னார். "'யோவ், இன்னா கனம் கனக்குற! பட்டாளத்துச் சோத்த மொத்தமும் நீயே துன்னுட்டியா? எங்க மாமனாரு ஒரு எரும குடுத்தாரு, கல்யாணத்துக்கு. அத்தக்கூட நான் ஏரிச் சேத்துலேருந்து தூக்கிட்டேன். உன்னத் தூக்க முடியலயே! கண்ண மூடாத. மூடின, இங்கியே போட்டுட்டுப் பூடுவேன்.'"

கோவிந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "எங்க நைனா குடுத்த எரும! அத்த ஒருநாளும் அவரு தூக்கல. அதான் இவர ஏரியில தள்ளுச்சு! ஊரே பாத்துது!" என்றாள். முனிரத்தினம் தரையில் உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரித்தார். சாகிற நிலையில் கிடந்த ஒருவனுக்கும் கன்னியப்பன் எருமைக் கதையை மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

அவள் சொன்னாள்: "செத்துட்டாருன்னுதான் எல்லாரும் வந்து சொன்னாங்க. இன்னா பேசினாருன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

மறுநாள் திறப்பு. பம்பையும் உடுக்கையும் முழங்க ஊர் முழுக்கச் சாலையில் நின்றது. ஏரிக்கரைக் காலனியும் நின்றது. இரண்டு பஸ்கள் வழியில்லாமல் நின்றுவிட, அதிலிருந்தவர்களும் இறங்கிக்கொண்டார்கள். தாசில்தார் வந்தார், பேசினார். துணியை விலக்கும்படி கேட்டபோது அவர் முனிரத்தினத்தைக் காட்டினார். முனிரத்தினம் மெடலைச் சட்டையில் குத்தியிருந்தார். அவர் போய், பெண்கள் கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற கோவிந்தம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவள் துணியை இழுத்தாள். மூலையில் மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அவர் என்று தூக்கி எடுத்தார்கள்.

முனிரத்தினம் ஓரடி பின்னால் நகர்ந்து, விறைப்பாக நின்று, கல்லின் மேல்வரிக்கு ஒரு சல்யூட் வைத்தார். பம்பை நின்றுவிட்டது.

கோவிந்தம்மா கல்லில் விரலை வைத்தாள். புது வெட்டில் வெள்ளைத் தூள் ஒட்டியது. "எனக்குப் படிக்க வராது. நீ படிக்கா" என்றாள் என்னிடம்.

நான் படித்தேன். "வீரர் கன்னியப்பன். சிரஞ்சீவி வீரர் முனிரத்தினம்."

"இன்னும் பலமா. அந்தாண்ட நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

எனக்குப் பெரிய குரல் கிடையாது. ஆனாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு, நின்றிருந்த இரண்டு பஸ்ஸுக்கும் கேட்கும்படி கத்தினேன். நான் முடிப்பதற்குள் கல்லின் மறுபக்கத்திலிருந்து யாரோ அதே இரண்டு பெயரைத் தெலுங்கு எழுத்தைப் பார்த்து உரக்கப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள்.